எதிரியிடம் கைதியாக இருந்தவர் தலைமைத் தளபதி ஆனது எப்படி?

கேள்வி இதுதான்: "ஜெனரல் பி. பி. குமாரமங்கலம் இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டுக் கைதியாக இருந்தவர் என்று படித்தேன். அப்படிப்பட்டவர் எப்படி இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி வரை உயர்ந்தார்? சர்வீஸில் அது கரும்புள்ளி ஆகாதா? கைதியாக இருந்த காலத்துச் சம்பளம், சீனியாரிட்டி எல்லாம் என்ன ஆகும்?"

ஆகாது. பிடிபட்டது மட்டுமே யாருக்கும் கரும்புள்ளி ஆவதில்லை. எப்படிப் பிடிபட்டார், பிடிபட்ட பிறகு எப்படி நடந்துகொண்டார் என்ற இரண்டைத்தான் ராணுவம் துருவித் துருவிப் பார்க்கும். குமாரமங்கலத்துக்கு இந்த இரண்டு கணக்குமே சுத்தம். அவருக்கு உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருந்தது. சக அதிகாரிகள் போர்க்களத்தில் பெயர் வாங்கிய மூன்று வருஷங்களை அவர் முள்வேலிக்குள் கழித்தார். அந்த இழப்பு அவரை ஏன் பின்னுக்குத் தள்ளவில்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யமான கேள்வி.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1913 ஜூலை 1 அன்று பிறந்தவர். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா டாக்டர் பி. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அம்மா ராதாபாய் சுப்பராயன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் பெரிய பெயர்கள். ஒரே வீட்டில் ஒருவர் மன்னரின் சீருடையில், மற்றவர்கள் மன்னராட்சியை எதிர்த்துத் தெருவில். 1940களின் தொடக்கத்தில் சென்னைச் சதி வழக்கில் தம்பி பிரிட்டிஷ் சிறைக்குப் போனார். கொஞ்ச காலத்தில் அண்ணனும் கம்பிக்குள் போனார், ஆனால் அது எதிரியின் கம்பி. சேலம் பக்கம் இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் அரசியலைத்தான் பேசுவார்கள். ராணுவக்காரர் பெயர் கடைசியில்தான் வரும். அது கொஞ்சம் அநியாயம்.

படித்தது இங்கிலாந்தில். ஈட்டன் பள்ளி, அப்புறம் வூலிச் ராயல் மிலிட்டரி அகாடமி. 1933ல் மன்னரின் கமிஷன், அதாவது பிரிட்டிஷ் மன்னர் பெயரில் தரும் அதிகாரி நியமனம், பெற்று அதிகாரியானார். அவர் சேர்ந்தது பீரங்கிப் படை என்பதைக் கவனிக்க வேண்டும். 1857 கலகத்துக்குப் பிறகு, மலைப் பீரங்கிகள் போன்ற சில பிரிவுகளைத் தவிர, இந்தியர் கையில் பீரங்கியைக் கொடுப்பதையே பிரிட்டிஷார் தவிர்த்தார்கள். 1935 ஜனவரியில் பெங்களூரில் 'ஏ' ஃபீல்டு பிரிகேட் தொடங்கியபோதுதான் இந்தியர்களுக்கென்று நவீனக் களப்பீரங்கிப் பிரிவு ஒன்று வந்தது. அந்த முதல் தலைமுறை இந்திய கன்னர் (பீரங்கிப் படை) அதிகாரிகளில் குமாரமங்கலமும் ஒருவர்.

இனி 1942 மே மாதம், லிபியா பாலைவனம். காசாலாவிலிருந்து தெற்கே பீர் ஹக்கீம் வரை பிரிட்டிஷ் தரப்பின் தற்காப்பு வரிசை நீண்டிருந்தது. தென்கோடியான பீர் ஹக்கீமைச் சுதந்திர பிரெஞ்சுப் படை காத்தது. அதற்குத் தென்கிழக்கே சில மைல் தள்ளி, பாயின்ட் 171 என்ற மொட்டை மேட்டில் 3வது இந்திய மோட்டார் பிரிகேட் வந்து இறங்கியது. மூன்று குதிரைப்படை ரெஜிமென்ட்கள். குதிரைக்குப் பதில் லாரி. கூடவே 2வது இந்திய ஃபீல்டு ரெஜிமென்ட்டின் பீரங்கிகள். அதில் 7வது பேட்டரிக்கு (பீரங்கித் தொகுதிக்கு) மேஜர் குமாரமங்கலம் தலைவர். குழி தோண்டி, கண்ணிவெடி புதைத்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது. மே 27 காலையில், ஜெர்மன் தளபதி ரோம்மலின் பெரிய சுற்றி வளைப்பின் ஒரு பகுதியாக, இத்தாலியின் அரியெட்டே டாங்கி டிவிஷன் நேராக அவர்கள் மேல் ஏறி வந்தது.

அங்கே கன்னர்கள் செய்த வேலை என்ன என்று புரிந்தால்தான் அவருக்குக் கிடைத்த பதக்கத்தின் எடை தெரியும். 25 பவுண்டர் பீரங்கி கிட்டத்தட்ட 11 கிலோ குண்டை 12 கிலோமீட்டர் தாண்டி எறியும். அதை இயக்குபவர்களுக்கு இலக்கு கண்ணில் படவே படாது. முன்னால் எங்கோ ஒளிந்திருக்கும் அதிகாரி வயர்லெஸ்ஸில் கோணம் சொல்வார், இவர்கள் திருப்பிச் சுடுவார்கள். டாங்கிகள் நேரே வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போயிற்று. குழாயைக் கிடைமட்டத்துக்குத் தாழ்த்தி, வரும் டாங்கியைக் கண்ணால் பார்த்துக் குறிவைத்துச் சுட வேண்டும். பீரங்கியின் முன்னால் இருப்பது ஒரு மெல்லிய இரும்புத் தட்டி, அவ்வளவுதான். சுற்றிலும் திறந்த மணல். டாங்கியோ நகர்ந்துகொண்டே இயந்திரத் துப்பாக்கியால் அடிக்கும். விலகி ஓடலாம், அல்லது அடுத்த குண்டைத் திணிக்கலாம். பிரிகேட் அன்று காலையே நொறுங்கியது என்றாலும் நிறைய இத்தாலிய டாங்கிகள் அந்த மேட்டிலேயே எரிந்து நின்றன. பீர் ஹக்கீம் சண்டைக்காகக் குமாரமங்கலத்துக்கு டிஎஸ்ஓ (டிஸ்டிங்க்விஷ்டு சர்வீஸ் ஆர்டர்) என்ற பிரிட்டிஷ் பதக்கம் கிடைத்தது. ஒரு மேஜருக்கு டிஎஸ்ஓ கொடுப்பது அபூர்வம். பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸுக்கு ஒரு படி கீழே என்றே அதைப் பேசுவார்கள்.

பலரும் குழம்புவது இங்கேதான். கைதியாகக் கஷ்டப்பட்டதற்கான ஆறுதல் பரிசு இல்லை அது. பிடிபடுவதற்கு முன் போட்ட சண்டைக்கானது. அந்தப் பாலைவனப் போரிலேயே அவர் சிறைப்பட்டார். ஆனால் "எப்படிப் பிடிபட்டார்" என்ற கேள்விக்குப் பதில் அவருடைய சட்டையிலேயே குத்தியிருந்தது.

பாயின்ட் 171ல் இன்னொரு விசித்திரமான கைதியும் உண்டு. அட்மிரல் சர் வால்டர் கோவன். பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து 1931லேயே ஓய்வு பெற்றவர். போர் வந்ததும் சும்மா இருக்க முடியாமல் பதவியைக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்து, கடைசியில் இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட் ஒன்றோடு ஒட்டிக்கொண்டார். அன்று பிடிபட்டபோது அவருக்கு 71 வயது ஆகச் சில நாட்களே பாக்கி. 1943ல் திருப்பி அனுப்பப்பட்டார். வீட்டில் உட்காருவார் என்று நினைத்திருப்பார்கள். கிழவர் மறுபடி கமாண்டோக்களோடு போய்ச் சேர்ந்து, 1944ல் இரண்டாவது டிஎஸ்ஓ வாங்கினார். கைதியாக இருந்தவரின் ராணுவ சேவை தொடருமா என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்தான்.

பாலைவனத்தில் பிடிபட்ட இந்திய அதிகாரிகளைக் கப்பலேற்றி இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். நேபிள்ஸ் அருகே அவெர்சா, அப்புறம் மலைப்பகுதியில் அவெட்ஸானோ ஆகிய இடங்களில் முகாம்கள். அதிகாரிகளிடம் உடலுழைப்பு வாங்கக் கூடாது என்பது 1929 ஜெனீவா ஒப்பந்தம். அதனால் நேரம் மலைபோல் கிடக்கும். செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலம் வரும் நாள்தான் திருநாள். இந்தியர்களுக்கென்று தனிப் பொட்டலமே உண்டு: அரிசி, பருப்பு, மாவு, கறித்தூள், டின் மீன், பால், தேயிலை, சர்க்கரை, ஒரு சோப்பு.

அந்த முகாம்களில் குமாரமங்கலத்தோடு இருந்தவர்களின் பெயரைப் படித்தால் இன்று யாருக்கும் புருவம் உயரும். யாஹியா கான் அங்கே இருந்தார். பின்னாளில் பாகிஸ்தானின் ஜனாதிபதி. சாஹப்ஸாதா யாகூப் கானும் 1942ல் அதே பாலைவனத்தில் பிடிபட்டவர். சிறைக்காலத்தை மொழி படிப்பதில் செலவிட்டவர், பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர். 1971ல் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவத்தை ஏவ மறுத்துப் பதவியை விட்டவரும் அவர்தான். அதை ஏவியவர் யாஹியா. ஒரே முள்வேலிக்குள் பருப்பைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள். 1966 செப்டம்பரில் யாஹியா கான் பாகிஸ்தான் தரைப்படையின் தலைவரானபோது, இந்தியத் தரைப்படையின் தலைவர் நாற்காலியில் மூன்று மாதமாக உட்கார்ந்திருந்தவர் குமாரமங்கலம். ஆக, கைதியாக இருந்தால் மேலே வர முடியுமா என்று கேட்டால், எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தார்கள் என்பதுதான் பதில்.

தப்பிப்பதற்கு வருவோம். 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானது. பல முகாம்களில் காவலர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த சில நாட்களில் ஜெர்மானியர்கள் வந்து எஞ்சியவர்களை ரயிலேற்றினார்கள். ஆயிரக்கணக்கான கைதிகள் மலைக் கிராமங்களில் குடியானவர்கள் தயவில் ஒளிந்து திரிந்தார்கள். யாஹியா கான் தப்பி நேசநாட்டுப் படைகளிடம் போய்ச் சேர்ந்தார். குமாரமங்கலமும் இத்தாலியில் தப்பினார், ஆனால் திரும்பவும் மாட்டிக்கொண்டார். ஜெர்மனிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். போர் முடியும் வரை வெளிச்சம் இல்லை.

தப்ப முயன்றதை ராணுவம் எப்படிப் பார்க்கும்? அதிகாரிக்கு அது கடமைக் கணக்கில் வரும். பிடித்து வைத்த நாடுகூட, வெற்றி பெறாத தப்பும் முயற்சிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான் எடுக்கலாம். 1929 ஒப்பந்தப்படி அதிகபட்சம் 30 நாள் தனிச்சிறை. 1949 ஒப்பந்தத்திலும் இதே உச்சவரம்பு. ஆக, "எப்படி நடந்துகொண்டார்" என்ற இரண்டாவது கேள்விக்கும் அவரிடம் நல்ல பதில் இருந்தது.

சரி, அந்த மூன்று வருஷ நஷ்டம்? அது சின்ன விஷயம் இல்லை. 1945 ஜனவரி, பர்மாவின் கங்காவ் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அதிகாரிகளான திம்மய்யா, தோரட், எல். பி. சென் மூவரும் ஆளுக்கொரு பட்டாலியனை நடத்தி, மூவருமே டிஎஸ்ஓ வாங்கினார்கள். மானெக்ஷா பர்மாவில் வயிற்றில் குண்டு வாங்கி மிலிட்டரி கிராஸ் பெற்றிருந்தார். குமாரமங்கலத்திடம் அந்த மூன்று வருஷத்துக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அமைதிக்கால ராணுவமாக இருந்திருந்தால் அந்த இடைவெளி ஒருவரைக் கர்னலோடு நிறுத்தியிருக்கும்.

நடந்தது வேறு. 1947ல் பிரிட்டிஷ் அதிகாரிகள் மூட்டை கட்டினார்கள். இந்திய அதிகாரிகளில் ஒரு பகுதி பாகிஸ்தானுக்குப் போனது. பிரிகேடியர் பதவியைத் தொட்ட இந்தியர்களே கைவிரலில் அடங்கும் நிலை. மன்னரின் கமிஷன் பெற்றவர், பதினான்கு வருஷ சர்வீஸ், டிஎஸ்ஓ, அதிலும் பீரங்கிப் படையில் பயிற்சி உள்ளவர் என்றால் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சிறையில் இருந்த காலத்திலும் அவருடைய கமிஷன் தேதி மாறவில்லை. சீனியாரிட்டி அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். காலியான நாற்காலிகள் வரிசையாக இருந்தன. என் அபிப்பிராயத்தில், தனிமனிதத் திறமைக்குச் சமமாக இந்தச் சூழலுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்வதால் அவருக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

கங்காவ் நாயகர்களில் திம்மய்யா 1957ல் தலைமைத் தளபதி ஆனார். எல். பி. சென் 1962ல் கிழக்குக் கட்டளைப் பகுதியின் தளபதி. சீனப் போர்த் தோல்வி அவர் தலையிலும் விடிந்தது. 1963ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் குமாரமங்கலம். அவருக்குப் பிறகு மானெக்ஷா. 1965 ஜனவரியில் குமாரமங்கலம் துணைத் தலைமைத் தளபதி ஆனார். அந்த வருஷப் பாகிஸ்தான் போரின்போது தலைமைத் தளபதி ஜெனரல் சௌத்ரிக்கு அடுத்த இடத்தில் இருந்தார். 1966 ஜூன் 8 அன்று தலைமைத் தளபதி. பீரங்கிப் படையிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். மன்னரின் கமிஷன் பெற்றவர்களில் கடைசி ஆளும் அவர்தான்.

அவர் காலத்தில்தான் சிக்கிம் எல்லையில் 1967 செப்டம்பரில் நாதுலாவிலும் அக்டோபரில் சோலாவிலும் சீனப் படையோடு மோதல் நடந்தது. நாதுலாவில் நிலைமையை மாற்றியது இந்தியப் பீரங்கிகள். களத்தில் முடிவெடுத்த பெருமை மேஜர் ஜெனரல் சகத் சிங்குக்கும் அங்கே நின்ற ஜவான்களுக்கும்தான், டில்லியில் இருந்தவருக்கு இல்லை. ஆனாலும் 1962க்குப் பிறகு ஐந்தே வருஷத்தில் அந்த ராணுவம் அப்படி நின்றது என்றால், இடையில் கிழக்குக் கட்டளையையும் தலைமையகத்தையும் நடத்தியவர்களுக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. 1969 ஜூன் 7 அன்று பொறுப்பை மானெக்ஷாவிடம் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். 1970ல் பத்ம விபூஷண். 2000ல் காலமானார்.

இனி பொதுவான கேள்வி. எல்லாருக்கும் இப்படி நடக்குமா? இல்லை. ஒரே கப்பலின் மேல்தளத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1945 செப்டம்பர் 2, ஜப்பான் சரணாகதிக் கையெழுத்து. நேசநாட்டுத் தளபதி மெக்ஆர்தருக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக இரண்டு முன்னாள் கைதிகள் நின்றார்கள். பிலிப்பைன்ஸில் சரணடைந்த அமெரிக்க ஜெனரல் வெயின்ரைட், சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல். விசாரணைக் கூண்டுதான் கிடைக்கும் என்று பயந்துகொண்டிருந்த வெயின்ரைட்டுக்கு நான்காவது நட்சத்திரமும் மெடல் ஆஃப் ஹானரும் கிடைத்தன. பெர்சிவலுக்கு லெப்டினன்ட் ஜெனரல் பட்டம் கௌரவத்துக்கு மட்டும்தான், பென்ஷன் மேஜர் ஜெனரல் கணக்கில். வழக்கமாகத் தரும் சர் பட்டமும் இல்லை. சோவியத் நாடு இன்னும் கொடுமை. 1941 ஆகஸ்ட் உத்தரவின்படி சரணடைந்தவர்கள் துரோகிகள். ஜெர்மன் முகாமில் செத்துப் பிழைத்து வந்தவர்களைச் சொந்த நாடே வடிகட்டும் முகாமில் நிறுத்தி விசாரித்தது.

நம் ஊர்க் கதையிலும் இந்த முள் உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிடிபட்ட இந்திய வீரர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவர்களை விசுவாசத்தை எடைபோட்டு வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்து, வெள்ளை என்றவர்களை மட்டும் சர்வீஸில் வைத்துக்கொண்டார்கள். நேதாஜி படம் மாட்டாத ஊரில்லை என்ற நிலை வந்த பிறகும், சுதந்திர இந்தியா மற்றவர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. அதில் சேர மறுத்து ஜப்பானியரின் கூண்டில் கிடந்த பத்வார், தார்கல்கர் போன்ற அதிகாரிகள் பின்னாளில் ஜெனரல்கள் ஆனார்கள். எது நியாயம் என்பதில் இன்றும் சண்டை உண்டு. கட்டுப்பாடு குலையக் கூடாது என்ற ராணுவத் தரப்பு எனக்குப் புரிகிறது. நாட்டுக்காகப் போனவர்களுக்குப் பல வருஷம் கழித்துப் பென்ஷனோடு கணக்கை முடித்தது போதாது என்றும் தோன்றுகிறது.

விமானப்படைக்காரர்களுக்குப் பெரும்பாலும் தடையாக வருவது விதி இல்லை, முதுகெலும்பு. இஜெக்ஷன் இருக்கை ஆளை வெளியே எறியும் வேகத்தில் தண்டுவடம் அடிபடும். ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் மகன் கே. சி. கரியப்பா 1965 செப்டம்பர் 22 அன்று, போரின் கடைசி நாளில், ஹன்டர் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டார். பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கான் ஒரு காலத்தில் கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர், மகனைத் தனியாக விடுவிக்கத் தயாராக இருந்தார். எல்லாக் கைதிகளும் என் பிள்ளைகள்தான், தனிச் சலுகை வேண்டாம் என்று பெரியவர் மறுத்துவிட்டார். 1966 ஜனவரியில் மற்றவர்களோடு திரும்பிய மகன், முதுகுக் காயத்தால் போர் விமானத்தை விட்டு ஹெலிகாப்டருக்கு மாறி, கடைசியில் ஏர் மார்ஷல் வரை போனார். கார்கில் போரில் 1999 மே 27 அன்று மிக்-27ல் இருந்து குதித்த நச்சிகேதாவும் அப்படித்தான். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார், முதுகு விடவில்லை. சரக்கு விமானமும் நடுவானில் எரிபொருள் நிரப்பும் விமானமும் ஓட்டி குரூப் கேப்டனாக முடித்தார். 2019ல் பிடிபட்டுத் திரும்பிய அபிநந்தன், மருத்துவச் சோதனை தாண்டிச் சில மாதத்தில் மறுபடி மிக்-21 ஓட்டினார்.

இன்னொரு குழப்பம்: "திரும்பி வந்தவரைப் போரில் இறக்கக் கூடாது என்று ஜெனீவா விதி இருக்கிறதாமே?" இருக்கிறது. 1949 ஒப்பந்தத்தின் 117வது பிரிவு. ஆனால் அது போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பலத்த காயத்துக்காகவோ நோய்க்காகவோ முன்கூட்டி விடுவிக்கப்பட்டவர்களைப் பற்றியது. போர் முடிந்து வந்தவர்கள் அடுத்த போரில் சண்டையிட அது தடை இல்லை.

கடைசியாகச் சட்டமும் சம்பளமும். இந்திய ராணுவச் சட்டம் 1950ன் 35வது பிரிவு, அஜாக்கிரதையாலோ உத்தரவை மீறியோ வேண்டுமென்றே கடமையைக் கைவிட்டோ பிடிபடுவதைக் குற்றம் என்கிறது. திரும்பி வர முடிந்தும் வராமல் இருப்பதும் அதே பிரிவில் குற்றம். பிடிபட்டதே குற்றம் என்று எங்கும் இல்லை. நடத்தையில் சந்தேகம் இருந்தால் விசாரணை முடியும் வரை சம்பளத்தை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ நிறுத்திவைக்க அதிகாரம் உண்டு. விசாரணை முடியும் வரை அவர் போர்க்கைதியாகவே கருதப்படுவார். அதேசமயம், அவருடைய சம்பளத்திலிருந்து மனைவி மக்களுக்கும் மற்ற சார்ந்தவர்களுக்கும் பணம் கொடுக்கவும் அதே சட்டத்தில் தனியாக இடம் வைத்திருக்கிறார்கள். முகாமில் இருப்பவருக்கும் பிடித்து வைத்த நாடு மாதம் ஒரு முன்பணம் தர வேண்டும் என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம்: சாதாரண சிப்பாய்க்கு 8 சுவிஸ் பிராங்க், மேஜருக்குக் கீழுள்ள அதிகாரிக்கு 50, ஜெனரலுக்கு 75. எழுதிய நாளில் இருந்த தொகை அது, தேவைப்பட்டால் நாடுகள் பேசி மாற்றிக்கொள்ளலாம்.